அந்தப் பையன் வந்தானா?

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு நான் கிளினிக்குக்கு வந்தபோது ஷட்டர் திறக்கப்படவில்லை. படியில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார், மடியில் நான்கு வயது மகள். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்கு வரும் குழந்தைகளை முந்தின இரவு முழுதாகத் தூங்கவிடக் கூடாது. இங்கே வந்து, தலையில் ஒயர்களை ஒட்டிய பிறகுதான் அவர்கள் தூங்க வேண்டும். அந்தத் தாய் விடியற்காலையிலிருந்து கதை சொல்லியும் முகம் கழுவியும் குழந்தையை விழிக்க வைத்து அழைத்து வந்திருந்தார்.

"ஜோசப் சார் இன்னும் வர்ல டாக்டர். பாப்பா தூங்கிடும் போலக்கீது" என்றார்.

பதின்மூன்று வருடத்தில் ஜோசப் சார் ஒருநாளும் எட்டரையைத் தாண்டி வந்ததில்லை. எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, கோபம். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்கு அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா போன் செய்தார். "டாக்டரம்மா, நம்ம ஜோசப்பு எய்ந்துக்கல. தண்ணி லாரி வந்துச்சேன்னு கூப்புடப் போனேன். கதவு தாழ்ப்பா போடல, தள்னதும் தொறந்துகிச்சு. குப்புறப் படுத்துக்கினு கீறாரு. ஒடம்பு சில்லுனு கீது."

போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் படியில் அந்தக் குழந்தை தூங்கிப்போயிருந்தது. ஒயர் ஒட்டத் தெரிந்தவர் யாருமில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்து வைத்த தூக்கம் வீணாகப் போயிற்று.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது என் கிளினிக். குழந்தைகளின் மூளை, நரம்புக் கோளாறுகளை மட்டும் பார்க்கிறேன். ஜோசப் சார் எங்கள் இ.இ.ஜி. டெக்னீஷியன். பட்டாபிராமில் ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்தார். ஆவடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து நடந்தே வருவார். வயது ஐம்பத்தொன்று.

வேலை கேட்டு வந்த நாளில், நகரத்துப் பெரிய மருத்துவமனையை விட்டு ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டேன். "நைட் டூட்டி எனக்கு ஒத்துக்கலை டாக்டர்" என்றார். சோம்பேறியாக இருப்பாரோ என்று நினைத்துக்கொண்டே சேர்த்துக்கொண்டேன். மனிதர்களை எடைபோடுவதில் நான் எப்போதுமே கெட்டிக்காரி.

அவர் வந்த முதல் வருடத்தில் பூந்தமல்லியிலிருந்து ஷபானா என்ற எட்டு வயதுப் பெண் வந்தாள். பாடம் நடக்கும்போது அப்படியே உறைந்து நிற்கிறாளாம். கனவு காண்கிறாள் என்று டீச்சர் பெஞ்சின் மேல் ஏற்றிவிடுவாராம். வீட்டில் அடியும் உண்டு. ஜோசப் சார் அவள் தலையில் ஒயர்களை ஒட்டிவிட்டு, கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்தார். "விடாம ஊதிக்கினே இரு கண்ணு. இது நின்னுச்சுன்னா நீ அவுட்டு."

இரண்டு நிமிடம் சுற்றிய காற்றாடி நின்றது. கண்கள் திறந்திருந்தன, பெண் அங்கே இல்லை. அவள் காதருகே குனிந்து "மாம்பழம்" என்றார் அவர். பத்து நொடியில் அவள் விட்ட இடத்திலிருந்து ஊதத் தொடங்கினாள். "நா இப்போ இன்னா சொன்னேன்?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலியே" என்றாள் ஷபானா. திரையில் அந்தப் பத்து நொடியும் வலிப்பின் அலைகள் வரிசை கட்டி நின்றன. இழுப்பு, நுரை எதுவும் இல்லாமல் இப்படி ஒருவகை வலிப்பு உண்டு என்று அப்போதுதான் அந்தத் தாய்க்குத் தெரிந்தது.

"இத்தினி நாளா அடிச்சேனே சார்" என்று அழுதார்.

"தெரியாம அடிச்சீங்க. இப்பத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அடிக்காதீங்கம்மா, அவ்ளோதான்" என்றார் ஜோசப் சார்.

மாத்திரையில் ஷபானா சரியானாள். ஆனால் எனக்கு நினைவிருப்பது அதற்கு முன்னால் நடந்ததுதான். பரிசோதனை முடிந்ததும் அவர் வெந்நீர் வைத்து, தலைமுடியில் ஒட்டியிருந்த பசையை ஒரு பொட்டு விடாமல் கழுவித் துடைத்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் செய்தார். வீட்டில் போய்க் கழுவிக்கொள்வார்களே என்று நான் ஒருமுறை சலித்துக்கொண்டேன். "பஸ்ஸுல யாராவது தலையில இன்னான்னு கேப்பாங்க டாக்டர். அதுக்கு ஒரு பதிலு சொல்லணும் பாருங்க" என்றார்.

இன்னொரு நாள் என் கார் பழுதாகி, மாலையில் அவரோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். மற்றவர்கள் பிளாட்பாரத்தின் விளிம்பில் முண்டியடித்துக்கொண்டிருக்க, அவர் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். பயந்த சுபாவம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அப்போது பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வலிப்பு வந்து விழுந்தாள். நொடியில் கூட்டம் கூடிவிட்டது. "சாவி குடுப்பா, இரும்பு ஏதாவது குடு" என்று குரல்கள். நான்தான் சிறப்பு மருத்துவர். கூட்டத்துக்கு வெளியே கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோசப் சார் எப்படியோ உள்ளே போய்விட்டிருந்தார்.

"சாவிய பாக்கெட்ல போடு அண்ணாத்தே. வாயில ஒண்ணும் வெக்காதீங்க. மணி இன்னா, அதப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். இரண்டு நிமிடத்தில் இழுப்பு நின்றது. அவள் கண் திறந்ததும் ஆளாளுக்குப் பெயர் என்ன, ஊடு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். "ஒண்ணும் கேக்காதீங்க. எய்ந்துக்கும்போது ரொம்ப வெக்கமா இருக்கும். பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தாப் போதும்."

அதை நான் அவருக்குச் சொல்லித்தரவில்லை, எனக்கே தெரியாது. எங்கே கற்றீர்கள் என்று ரயிலில் கேட்டேன். "பாத்துப் பாத்து வந்ததுதான் டாக்டர்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெற்றோரிடம் அவர் சொல்லும் புத்திமதிகளும் அப்படித்தான். பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட விடாதீர்கள், ஏரிப்பக்கம் தனியாக அனுப்பாதீர்கள், தூக்கம் கெடக் கூடாது. என் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டார் என்று பெருமைப்பட்டேன்.

மதியம் அவர் தன் அறையில் சாப்பிடுவார், நான் என் அறையில். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. டிபன் பாக்ஸைத் திறக்கும் ஓசை எனக்குக் கேட்கும், என்னுடையது அவருக்கும் கேட்டிருக்கும். என் கணவர் இறந்த பிறகு நானும் வீட்டில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் "இங்கே வந்து சாப்பிடுங்களேன்" என்று பதின்மூன்று வருடத்தில் ஒருநாளும் வாயில் வரவில்லை. மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.

அவர் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு திங்கட்கிழமை, அறிக்கை எழுத வேண்டிய பதிவுகளோடு ஒன்று கூடுதலாக இருந்தது. பெயர் ராஜா. வயது 41. 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. குழந்தைகள் கிளினிக்கில் நாற்பத்தொன்று எப்படி வரும்? பதினான்கைத்தான் திருப்பிப் போட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். பதினான்கு வயதில் மூளை அலைகள் ஏறக்குறையப் பெரியவர்களுடையதைப் போலத்தான் இருக்கும், அதனால் சந்தேகமும் வரவில்லை. பதிவு மோசமாக இருந்தது. 41-ஐ அடித்து 14 என்று எழுதி, கீழே 'மருந்து உடனே தேவை. சிறுவனை அம்மாவோடு வரச் சொல்லவும்' என்று குறித்தேன்.

"வயசைத் திருப்பிப் போட்டிருக்கீங்க ஜோசப் சார்" என்றேன்.

அவர் கதவருகே நின்றிருந்தார். "அப்படியா டாக்டர்" என்றார்.

"பதினாலு வயசுப் பையனைத் தனியா அனுப்பியிருக்காங்களே, என்ன ஜனங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க."

தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சொல்றேன் டாக்டர்" என்றார்.

அடுத்த வாரம் கேட்டேன், அந்தப் பையன் வந்தானா? "வரலை டாக்டர்." அதற்கடுத்த வாரமும் கேட்டேன். "அவனுக்கு அம்மா இல்லை போலிருக்கு டாக்டர்" என்றார். "அப்ப அவனையாவது வரச் சொல்லுங்க" என்றேன். வெளியே மூன்று குழந்தைகள் காத்திருந்தார்கள். பிறகு நான் கேட்கவில்லை.

பட்டாபிராமில் அவர் வீட்டுக்கு நான் முதல்முறையாகப் போனது கடந்த செவ்வாய்க்கிழமை மதியம்தான். திருவள்ளூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா சவப்பெட்டியின் மேல் தலையை வைத்து "ராஜா, ராஜா" என்று அழுதுகொண்டிருந்தார். வீட்டில் அவருக்கு அதுதான் பெயராம்.

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அக்கா சொன்னார். "பன்னெண்டு வயசுல வலிப்பு வந்துச்சும்மா அவனுக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிச்சு. கல்யாணம் நிச்சயம் ஆச்சு, பொண்ணு ஊட்ல தெரிஞ்சுபோயி நின்னுபோச்சு. அப்பறம் பத்து வருசம் அது வர்ல. நல்லாயிட்டேன்னு மாத்திரைய வுட்டுட்டான். திரும்ப வருதுக்கான்னு ஒருநாளு சொன்னான். டாக்டர் கிட்ட காட்டுடான்னேன். காட்டிட்டேன்க்கா, பழைய மாத்திரையவே திரும்ப வாங்கிப் போட்டுக்கினு கீறேன்னான்." என் பக்கம் திரும்பி, "நீங்கதானே அந்த டாக்டரு?" என்று கேட்டார். குற்றம் சாட்டும் குரல் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறன்று, யாருமில்லாத கிளினிக்கில், அவர் கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையில் தானே ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். பசையைக் கழுவிவிட யார் இருந்தார்கள்? நேரில் சொல்ல அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம் தடுத்திருக்கலாம், நின்றுபோன கல்யாணம் தடுத்திருக்கலாம். என் முகமும் தடுத்திருக்கும். தூக்கத்தில் வந்த வலிப்புதான் அவரைக் கொண்டுபோயிற்றா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அப்படித்தான் நினைக்கிறேன். குழந்தைகளின் கண் ஒரு நொடி செருகினாலும் கண்டுபிடிப்பேன் என்று பெயர் வாங்கியவள் நான். அடுத்த அறையில் இருந்தவரைக் கண்டுபிடிக்கவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதும்மா. மூடி மூடி வெச்சுத்தான் போய்ட்டான்" என்று சொல்லி, ஜோசப் சாருடைய பைபிளுக்குள் இருந்த அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். நான்காக மடித்து, மடிப்புகள் கிழியும் நிலையில், பத்து வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார்.

இப்போது அது என் மேஜையில் இருக்கிறது. 14-ஐ அடித்து மறுபடியும் 41 என்று எழுதினேன். 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு என் பெயரை எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். பொய்யாகிவிடும் என்று நிறுத்திவிட்டேன்.

காற்றாடி உங்கள் மேஜையிலேயே இருக்கிறது, ஜோசப் சார். யாரையும் எடுக்க விடவில்லை. அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு வரும் திங்கட்கிழமை வேறிடத்தில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன், நானும் கூடப் போகிறேன். தலையை நானே கழுவிவிடுவேன்.

போய் வாருங்கள். அந்தப் பையன் வந்தானா என்று இனி உங்களைக் கேட்க மாட்டேன். அவன் தினமும் காலை எட்டரைக்கு வந்துகொண்டுதான் இருந்தான்.