கூடை தூக்காத தோளில் வலி

எங்கள் மல்பெ மீன்பிடிக் கரையில் ஜலஜாக்ஷியைக் கண்டால் இளம்பெண்கள் பாதை மாறிப் போவார்கள். பதினைந்து வருடம் மீன் விற்ற குரல் அவளுக்கு. சுகாதாரப் பணிக்கு வந்த பிறகும் அதைக் குறைக்கவில்லை. மீன் ஏலக்கூட்டத்தின் நடுவே நின்று, "ஏய், போன மாசம் எந்தத் தேதியில தீட்டு வந்து குளிச்சே?" என்று கேட்பாள். எனக்கு அவளைப் பிடிக்காது. மூன்று மாதம் நிறையும்வரை கருவைப் பற்றி வாய் திறந்தால் கண் படும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவளோ வாயை மூடத் தெரியாதவள்.

அது மீன்பிடித் தடைக்காலம். என் தம்பி மனைவி வாரிஜா ஒருநாள் காலையில் கஞ்சியைத் தொடவில்லை.

"அடிவயிறு ஒரு பக்கமா இழுக்குது அக்கா. தோளும் குத்துது."

அவளுக்கு மாதவிலக்கு இரண்டு வாரம் தள்ளிப்போய், மூன்று நாளாகச் சொட்டுச் சொட்டாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. "நாள் தள்ளி வந்தா அப்படித்தான். தோள்வலி, மீன்கூடை தூக்குறவ எல்லாருக்கும் உண்டு" என்று எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கொசுப்புழு தேட வந்தாள் ஜலஜாக்ஷி. எழுந்த வாரிஜா தள்ளாடிச் சுவரைப் பிடித்தாள்.

"கூடை வலி. நீ தொட்டியைப் பாரு" என்றேன்.

"எந்தக் கூடை? படகு கரையேறி இருபது நாளாச்சு. சீட்டாடியா தோள் வலிக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. மீன்காரி எனக்கல்லவா அது தோன்றியிருக்க வேண்டும்!

நாள் தள்ளியதையும் கேட்டறிந்த ஜலஜாக்ஷி உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள்; சும்மா நின்ற மீன் டெம்போவில் வாரிஜாவைப் படுக்கவைத்தோம். அவள் முகம் வெளிறியிருந்தது. "நாள் தள்ளினப்பவே சந்தேகம் அக்கா. கண் படும்னு சொல்லல" என்று முனகினாள்.

"கரு கருப்பைக்குப் போகாம வழியில கருக்குழாய்லயே தங்கியிருக்கும்" என்றாள் ஜலஜாக்ஷி. "குழாய் வெடிச்சா ரத்தம் வயித்துக்குள்ள கொட்டும், வெளியே சொட்டுத்தான் தெரியும். உள்ள தேங்குறது மேல ஏறி நரம்பை உறுத்தினா தோள் வலிக்கும்."

ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அப்போதுதான் அந்த ஏலக்குரல் பயன்பட்டது. "நாள் தள்ளியிருக்கு! தோள்வலி! மயக்கம்! வரிசையாம் வரிசை!" ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது.

குழாய் வெடித்திருந்தது. அதை எடுத்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். "அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில வெக்க முடியாதாம்மா?" என்று டாக்டரிடம் அழுதேன். முடியாது என்றார். யார் தப்பும் இல்லை, இன்னொரு குழாய் நன்றாக இருக்கிறது, அடுத்த முறை நாள் தள்ளினதும் சீக்கிரம் வந்து காட்டுங்கள் என்றார். எண்ணெய் தேய்த்த கையை நான் என்ன செய்வது?

அடுத்த மார்ச்சில், கூடைகளுக்கு நடுவே வாரிஜா என் காதைக் கடித்தாள். அவள் முகத்தில் பாதி சிரிப்பு, பாதி பயம். நான் எழுந்து நின்றேன். கண்ணாவது, படுவதாவது!

"ஏய் ஜலஜா!" என்று ஏலக்கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "எங்க வாரிஜாவுக்கு அஞ்சு நாள் தள்ளியிருக்குடி! எப்போ ஸ்கேன் எடுக்கணும், சொல்லு!"