எல்லா வரியும் நிஜம்

அடுத்தவன் வெற்றியைச் சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது.

கோடிங் கற்றுக்கொண்டு வேலை மாற நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய ஃபோரத்தில் நான் மாடரேட்டர். அதில் ‘வெற்றிக் கதைகள்’ என்று ஒரு பகுதி உண்டு. ‘பூட்கேம்ப்பில் சேர்ந்தேன், வாழ்க்கையே மாறிவிட்டது’ என்று யாராவது எழுதினால், அதை ஆள் எழுதியதா, பூட்கேம்ப் என்கிற அந்த அவசரப் பயிற்சிக் கம்பெனியின் விளம்பரப் பிரிவு எழுதியதா என்று பார்த்து, சரி என்றால் ‘விசாரித்தது’ என்று ஒரு பச்சை முத்திரை போட வேண்டும். வெளியூர்களில் சாஃப்ட்வேரில் தலைமுடியைக் கொடுத்துவிட்டு, இந்த வேலையோடு கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலில், ஊரிகத்தின் ஒட்டுச்சுவர் லைன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். ஐந்தாவது வரை தமிழிலும் அப்புறம் இங்கிலீஷிலும் படித்தவன். பொய் இரண்டு மொழியிலும் எப்படி நடக்கும் என்று தெரியும் என்கிற மிதப்பு எனக்கு உண்டு.

இதைப் படிக்கிற நீங்களும் அந்த மாதிரிக் கதை ஒன்றைப் படித்துவிட்டு, மறுநாள் ஆபீசில் மேனேஜரை ஒரு மாதிரி பார்த்தவர்தான். நமக்குள் என்ன மறைப்பு?

தங்கத் தூசி

ஒருநாள் காலை வந்த கதையின் முதல் வரியிலேயே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ‘நான் கே.ஜி.எஃப். சுரங்கத் தொழிலாளியின் மகன். தினமும் மாலை என் அப்பா உடம்பெல்லாம் தங்கத் தூசியோடு வீடு திரும்புவார்.’ சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓடிய காலத்திலும் மேலே வந்தவர்கள் மீது இருந்தது கல் தூசிதான். தங்கம் அப்படி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் எங்கள் தெருவில் யாரும் குளித்திருக்க மாட்டோம்.

உற்சாகம் தாங்காமல் உடனே எழுதிக் கேட்டேன்: ‘உங்கள் அப்பா எந்த ஷாஃப்ட்டில் இறங்குகிறார்?’ ஐந்து நிமிஷத்தில் பதில்: ‘மெயின் ஷாஃப்ட், சார். நேற்றுகூட ஓவர்டைம்.’ பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அப்போது வைஃபை பாஸ்வேர்டு கேட்க வந்திருந்தாள். தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்:

“ஓவர்டைம் குடுக்கறாங்களாண்ணா? எங்க மாமனாருக்கும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. பென்ஷன் வாங்கிகினு சும்மா உக்காந்துகினு கீறாரு.”

டிராஃப்டில் ஒரு ராஜினாமா

அந்த ஸ்டெல்லாதான் மறு வாரம் திரும்பி வந்தாள். இந்தத் தடவை பாஸ்வேர்டு கேட்க அல்ல. பெங்களூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். விடியற்காலை ரயிலில் போய், இருட்டிய பிறகு வருகிறாள். வீட்டுக்காரரின் மெக்கானிக் ஷெட்டை மூடியதிலிருந்து அந்த வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

“இத்த பாருங்கண்ணா,” என்று போனை நீட்டினாள். என் ஃபோரத்தில், நான் இன்னும் முத்திரை போடாத கதை. எழுதியவர் பெயர் வினோத். ‘கே.ஜி.எஃப்.பிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்த ஹெல்ப் டெஸ்க் ஆள் நான். வேலையை விட்டேன். நான்கு மாதம் படித்தேன். இன்று டெவலப்பர்.’ அவர் படித்த அதே பூட்கேம்ப்பில் பகல் வகுப்புக்கு ஸ்டெல்லாவுக்கு இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டுமானால் வேலையை விட வேண்டும். ராஜினாமா மெயிலை எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டாளாம்.

“வீட்ல இன்னா சொல்றாங்க?”

“உன் இஷ்டம்னு சொல்றாரு. அதான் பயமா கீது.”

பொய் என்பதை எங்கள் ஊரில் பாதிப் பேர் கன்னடத்தில் சுள்ளு என்றுதான் சொல்வோம். அப்படிச் சொன்னால் பாவம் கொஞ்சம் குறையும் என்று நினைப்பு. வாசற்படி இறங்கும்போது ஸ்டெல்லா சொன்னாள்:

“வெள்ளிக்கிழம சாயங்காலம் அனுப்பிடுவேண்ணா. சுள்ளா இருந்தா அதுக்கு முன்ன சொல்லிடுங்க.”

ரயிலில் விசாரணை

ஆள் உண்டா என்று விசாரிக்கப் பெரிய ஊர்களில் ஏஜென்சி வைப்பார்கள். எங்களுக்கு ரயில் போதும். பெங்களூரில் வேலை பார்க்கும் கே.ஜி.எஃப். ஜனங்கள் பெட்டிக்குப் பெட்டி குழு பிரித்து, கைக்குட்டை போட்டு இடம் பிடித்து, வருஷக்கணக்காக ஒரே சீட்டில் போகிறவர்கள். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை நானும் ஏறினேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அடுத்த பொதுப் பெட்டியில் ஏறி வினோத்தைத் தேடினேன். உளவுத்துறையில் சேர்ந்துவிட்டது போல ஒரு நினைப்பு.

மூன்று வினோத்கள் கிடைத்தார்கள். ஒருவர் வங்கி, ஒருவர் கொரியர், ஒருவர் வினோத்தே இல்லை, தூக்கத்தில் தலையாட்டிவிட்டார். கடைசிப் பெட்டியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கையிலிருந்த சீட்டைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார்:

“தெனம் போய் வர்ற ஆளா? இந்த வண்டியில யாருக்கும் தெரியலன்னா அப்பிடி ஒரு ஆளே இல்ல சார். போய் உக்காருங்க, ஆட்டம் நடக்குது.”

சூடான கீபோர்டு

அப்படியானால் பொய்தான் என்று எழுதிவிடலாம். ஆனாலும் ‘வினோத்’துக்கு ஒரு கேள்வி அனுப்பி வைத்தேன். எந்தக் கதைக்கும் நான் கேட்கும் கேள்விதான்: ‘எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்?’ என்ன படித்தோம் என்பதைப் பொய் சொல்கிறவர்கள் தயாராக வைத்திருப்பார்கள். எங்கே உட்கார்ந்தோம் என்பதை யாரும் யோசித்து வைப்பதில்லை.

வியாழக்கிழமை மாலை பதில் வந்தது. ‘பங்காரப்பேட்டை வரை நின்றுகொண்டே வீடியோ பார்ப்பேன். அப்புறம் சீட் கிடைத்தால், மடியில் டிபன் பாக்ஸ், அதன்மேல் மடக்குக் கீபோர்டு. சாம்பார் சாதம் எடுத்துப்போகும் நாளில் எழுத்தெல்லாம் சுடும்.’ இதைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். சாம்பார் சூட்டை விளம்பரப் பிரிவில் யாரும் எழுத முடியாது. ஸ்டெல்லா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “வினோத் நெசம்தான்” என்று ஓடிப்போய்க் காட்டினேன். படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வினோத் இல்லண்ணா, அமுதாக்கா. லேடீஸ் பெட்டியில என் எதுருலதான் உக்காந்துகினு வர்றாங்க. அந்த கீபோர்டுல வடகம் ஆர்டர் எடுக்கறாங்கன்னு இல்ல நாங்க நெனச்சிகினு இருந்தோம்.”

வரிசை

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஸ்டெல்லாவுக்கும்தான். “அப்ப நாளைக்கு அனுப்பிடறேன்” என்றாள். அங்கேதான் என் தொழில் புத்தி முழித்தது. “அவங்கள ஒருதரம் பாத்துட்டு அனுப்பு” என்றேன். வெள்ளி மாலை ஊரிகம் பிளாட்ஃபாரத்தில் காத்திருந்தேன். ஸ்டெல்லா ஒரு கையில் போனோடும் இன்னொரு கையில் அமுதாவின் முழங்கையோடும் இறங்கினாள்.

நாற்பதைத் தொடுகிற அம்மாள் அமுதா. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் வீடு. ஆண் பெயர் எதற்கு என்றேன். “பொம்பள பேருல எழுதனா கோர்ஸப் பத்தி எவன் சார் கேக்கறான்? சாப்டாச்சான்னு கேக்கறான்” என்றார். அப்புறம் ஸ்டெல்லா தன் கேள்வியைக் கேட்டாள்: “அக்கா, வேலைய விட்டுட்டு நாலு மாசம் எப்பிடி சமாளிச்சீங்க?”

“எங்கடி விட்டேன்? வேலையில இருந்துகினேதான் படிச்சேன். கோர்ஸ் நாலு மாசம். அப்பறம் ஒரு வருஷத்துக்கு மேல எவனும் கூப்புடல. கடைசியா டெவலப்பர் வேல கையில வந்த மறுநாள்தான் பழசை விட்டேன்.” ஸ்டெல்லா தன் போனைத் திறந்து அந்தக் கதையைக் காட்டினாள். வேலை கிடைத்த குஷியில் பூட்கேம்ப்காரர்கள் கேட்டதும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாராம் அமுதா. அவர்கள் சுருக்கி, வினோத் என்கிற அவர் கணக்கில் போட்டதைப் படித்தே பார்க்கவில்லையாம்; வந்த கேள்விக்குப் பதில் மட்டும் சொன்னாராம். இப்போதுதான் நின்று நிதானமாகப் படித்தார். ரயில் கிளம்பிப் போய்விட்டது. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“பொய்யே இல்ல சார், எல்லா வரியும் நான் எழுதனதுதான். வரிசதான் என்னுது இல்ல.”

மூன்றாவது மாதம்

அந்த மெயில் போகவில்லை. ஸ்டெல்லா பகல் இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, வார இறுதி வகுப்பில் சேர்ந்தாள். அமுதா பழைய கதைக்குக் கீழே சொந்தப் பெயரில் சரியான வரிசையை எழுதிப் போட்டார். அதற்குத்தான் முத்திரை போட்டேன். ‘சாப்பிட்டாச்சா’ என்று நாலு பேர் கேட்டிருந்தார்கள். நீக்கினேன்.

போன வாரம் என் பகுதிக்கு ஒரு புதுக் கதை வந்தது. தலைப்பு: ‘மூன்றாவது மாதம், வேலை கிடைக்கவில்லை.’ எழுதியவர் ஸ்டெல்லா. எந்தப் பாடம் மண்டையில் ஏறவில்லை, எந்த இன்டர்வியூவில் வாய் ஒட்டிக்கொண்டது, ரயிலில் இப்போது எத்தனை டிபன் பாக்ஸ்மேல் கீபோர்டு இருக்கிறது என்று எல்லாம் எழுதியிருந்தாள். நான் படித்து முடிக்கும்போது முத்திரை போடக் கை பரபரத்தது. இருந்தாலும் விதி விதிதானே? சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே கூப்பிட்டுக் கேட்டேன்: “இது வெற்றிக் கதைங்க பகுதிமா. வேல கெடச்ச பெறகு எழுதக் கூடாதா?” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது:

“கெடச்ச பெறகு எழுதனா நானும் வரிசய மாத்திடுவேண்ணா.”

ஆகவே, என் பகுதியில் ‘எங்கே உட்கார்ந்து படித்தீர்கள்’ என்று கேட்காமலே நான் பச்சை முத்திரை குத்திய ஒரே வெற்றிக் கதை, வெற்றி இன்னும் வந்து சேராத கதைதான்.