வேப்பிலை இல்லாத வாசல்

சாத்தூரில் பெரியம்மை பரவிய வருஷம் நான் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். ஆட்கள் கூடக் கூடாது என்று கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். புத்தகங்களைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அங்கே கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. நானே போட்ட சட்டம். என்ன மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சர்ச் தெருவில் ஒரு டீச்சர் வீடு. வாசலில் இலை இல்லை. அவர் திருப்பித் தந்த நாவலை அன்றைக்கே அடுத்த தெருவில் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறவள். எழுத்துக்கூட்டி ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படிப்பாள். அந்த நாவலை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கு டீச்சர் வீட்டில் மகன் அம்மையோடு படுத்திருந்தான் என்று.

"நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றார் டீச்சர்.

டீச்சர் வேதக்காரர். கிறிஸ்தவர்கள் வாசலில் வேப்பிலை கட்டமாட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். மண்டையில் உறைக்கவில்லை.

சைக்கிளை அடுத்த தெருவுக்கு மிதித்தேன். அந்தப் பெண்ணின் வாசலில் வேப்பிலை.

அவள் அம்மா படியில் வந்து நின்றாள். "கண்ணு ஒட்டிக்கிருச்சு சார். இன்னும் அஞ்சாறு பக்கந்தான் இருக்காம். இங்கன நின்னே சத்தமா வாசிங்க, உள்ள படுத்துக் கேட்டுக்கிடுவா."

அரைமணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். வீட்டில் எனக்குக் கைக்குழந்தை. "நாளைக்கு வாரேன்" என்றேன்.

"மறக்காம வாங்க சார்" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

மறக்கவில்லை. பயந்துகொண்டு போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அம்மா புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மை புத்தகத்தோடு போனதா, கம்பெனியில் தொற்றியதா, யாருக்கும் தெரியாது. அதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. அந்தக் குரல் இன்றைக்கும் என்னை விடவில்லை.

புத்தகத்தை எரிப்பதற்கு முன், பூட்டிய நூலகத்துக்குள் நின்று மிச்சப் பக்கங்களைச் சத்தமாக வாசித்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.