வீரணன் வண்டிக்குச் செதுக்கிய பதினான்கு கட்டைகள்

வண்டிப் பட்டறையில் ஒரு சாமான் எதற்காக என்பது, அதைச் செய்து முடித்த பிறகுதான் சரியாகத் தெரியவரும்.

அன்று கம்பத்தில் என் பட்டறையில் இருந்தவர்கள்: ஆசாரியான நான், என் மைத்துனனான கொல்லன் சண்முகம், வண்டிக்காரர் வீரணன், குமுளி மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை இறக்கும் வேலையை அவருக்குக் கொடுத்துவந்த ஞானமுத்து முதலாளி, வீரணனின் மாடுகள். ஆக நான்கு பேர், இரண்டு மாடு. அதில் ஒரு மாடு புதியது. போன மாதம் மலை இறங்கும்போது வண்டி பின்னாலிருந்து தள்ளி, பழைய மாடு முன்னங்கால் ஒடிந்து விழுந்துவிட்டது. அமாவாசைக்குள் வண்டியைச் சரிபண்ணாவிட்டால் மூட்டை வேறு வண்டிக்குப் போகும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அமாவாசைக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

பிறர் சொல்லிச் சாமான் செய்து கொடுத்தவர்கள் உங்களில் இருந்தால், அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் அளந்ததையே இன்னொரு முறை அளக்கத் தோன்றும்.

இழுவை மரம்

மலை இறங்கும் வண்டிக்குப் பின்னால் ஒரு மரத்தைக் கட்டி இழுத்து வருவது வழக்கம். வீரணன் கேட்டது, இன்னும் கனமான மரம். கேட்டதைச் செய்தேன். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். மூன்றாவது வளைவில் அது பாறையில் மாட்டி, வண்டியின் பின்பக்கம் ஓரத்துக்குத் திரும்பிவிட்டது. மூட்டை ஏற்றாத வண்டி என்பதால் தப்பித்தது.

திரும்பி வந்த வீரணன் மரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வண்டிய நிறுத்தத்தான் கேட்டேன் ஆசாரியாரே, பள்ளத்தக் காட்டச் சொல்லல."

திருகு

தேனியில் மோட்டார் வண்டி பிரேக் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த சண்முகம், சக்கரத்தைக் கட்டையால் அழுத்தினால் போதும் என்றான். பின்னால் ஒரு திருகு, சக்கரத்துக்கு ஒரு கட்டை. முதலில் கருவேலத்தில் இரண்டு செதுக்கினேன். சக்கரத்தின் இரும்புப் பட்டையில் அவை வழுக்கின. மூலையில் போட்டேன். பிறகு பூவரசில் வரிசையாகப் பன்னிரண்டு செதுக்கினேன். மூன்று பிளந்தன. ஒரு ஜோடி சரியாகப் பிடித்தது. கண்மாய்க் கரைச் சரிவில் வண்டி முளை அடித்ததுபோல் நின்றது. எங்களுக்குச் சந்தோஷம்.

வீரணன் பின்னால் போய்த் திருகைத் தளர்த்தினார். மாடுகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியோடு சோளக்காட்டுக்குள் போய்விட்டன. ஓட்டி வந்து கட்டியபின் கேட்டார்: "நான் பின்னால திருகிக்கிட்டு இருந்தா, முன்னால மாட்ட யாரு பிடிப்பாக, ஒங்க மச்சானா?"

கயிறு

திருகை எடுத்துவிட்டு, ஓட்டுகிறவர் உட்காரும் இடம்வரை ஒரு கயிறு கொண்டுவந்தோம். உட்கார்ந்தபடி இழுத்தால் கட்டை அழுத்தும். கண்மாய்க் கரையில் பதினொரு முறை இழுத்துப் பார்த்தோம். பதினொரு முறையும் நின்றது.

மலைக்கு நானும் கூடப் போனேன். உச்சியில் ஒரு சாமி கல் இருக்கிறது. அங்கே வீரணன் இறங்கி, தேங்காய் உடைத்து, செருப்பைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாடுகளோடு நடக்கத் தொடங்கினார். அடிவாரம்வரை அப்படித்தானாம். எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தானாம். எங்கள் கயிறு ஆளில்லாத இடத்தில் தொங்கியது. அன்று சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி இறங்கினோம். எங்கே இருந்து ஓட்டுவீர்கள் என்ற கேள்வி முதல் நாளே என் மனசில் வந்ததுதான். முதலாளி உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்பதா என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று சண்முகம் கேட்டான். வீரணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்: "எறக்கத்துல வண்டில ஒக்காருவாகளா? சாமி என்ன நெனைக்கும், மாடு என்ன நெனைக்கும்?"

நுகத்தடி

நான்கு நாள் மீதி. கயிற்றை நுகத்தடிவரை நீட்டி, நடக்கிற கைக்கு எட்டும்படி வைத்தோம். மறுபடி மலை. இந்தத் தடவை நான் சக்கரத்தைப் பார்க்கவில்லை, மாட்டின் கழுத்தைப் பார்த்து நடந்தேன். இழுத்தால் வண்டி சட்டென்று நின்று மாடுகளைப் பின்னுக்கு இழுத்தது. விட்டால் நுகத்தடி கொம்புவரை ஏறியது. ஒரு வளைவில் புது மாடு முழங்காலிட்டு எழுந்தது.

வண்டி நிற்கவே வேண்டியதில்லை. மாட்டின் நடைக்கு வந்தால் போதும். இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குப் பதினெட்டு நாளும் பதினான்கு கட்டையும் ஆயின. கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் வழுக்கும் கட்டை வேண்டும். மூலையில் கிடந்த கருவேலம் இரண்டையும் எடுத்து மாட்டினேன்.

சண்முகம் ஆணியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "வழுக்குதுன்னு நீரு வீசுனதத்தான் மச்சான், வழுக்குதுன்னு நீரே எடுத்து மாட்டுறீரு."

நான்கு மூட்டை

அமாவாசைக்கு முந்தின நாள் வீரணன் முழுப் பாரத்தோடு இறங்கினார். அடிவாரத்தில் முதலாளியோடு நின்றேன். ஒரு நிலையில் நிற்க முடியாமல் பாதையில் போவதும் வருவதுமாக இருந்தேன். வளைவு திரும்பியதும் முதலில் மாட்டுக் கால்களை எண்ணினேன். எட்டும் ஊன்றி நடந்தன. வீரணன் புது மாட்டின் கழுத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, கையை என்னிடம் காட்டினார். ரத்தம் இல்லை.

முதலாளி மூட்டைகளைச் சுற்றிப் பார்த்தார், கட்டையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கேட்டார்: "பிரேக்குத்தான் இருக்குல்ல வீரணா, அடுத்த நடைக்கு நாலு மூட்டை கூட ஏத்திருவமா?"

மறுநாள் காலை அந்த நான்கு மூட்டைக்காக மறுபடி அளவுகோலை எடுத்தபோது, செதுக்கிய பதினான்கில் மூன்று பிளந்து, முதல் இரண்டு வண்டியேறி, பட்டறையில் மீதம் இருந்தவை, அந்தந்த வாரம் மிகச் சரி என்று தோன்றிய கட்டைகள், ஒன்பது.