அக்கரை மானும் வீட்டுப் பெண்ணின் பங்கும்

வில் வேட்டையில் அம்பு விடுவது அரை நிமிஷ வேலை. மான் எங்கே மேய்கிறது, எங்கே படுக்கிறது என்று பார்த்து வைப்பது அரை வருஷ வேலை. அந்த அரை வருஷத்தைச் செய்தவள் நான். அரை நிமிஷத்தைச் செய்தவர் ராயபுரத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் அந்தோணி சித்தப்பா. மான் விழுந்தபோது எனக்கென்று ஒரு எலும்புகூட ஒதுக்கப்படவில்லை. உழைத்துவிட்டுப் பெயரைப் பறிகொடுத்த சகோதரிகள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். துப்பாக்கி லைசென்ஸ் மனுவுக்குப் பதில் வராததால் மூங்கிலில் வில் செய்தார். அரத்தால் அம்புமுனை தீட்டினார். முட்புதருக்குள் நடந்தால் மட்டும் அவருக்கு முழங்கால் வலிக்கும். நான் காலேஜில் விலங்கியல் படிப்பதால் எனக்கு வலிக்காது என்று முடிவாயிற்று.

உதிர்ந்த கொம்பு

ஐப்பசியில் எண்ணூர்க் கழியைத் தோணியில் தாண்டி, அக்கரைப் புதர்க்காட்டில் ஒரு புள்ளிமான் கொம்பைக் கண்டெடுத்தேன். சித்தப்பாவின் வேட்டைத் தோஸ்து தங்கவேலு மாமா அதைப் பார்த்ததும், மான் செத்துவிட்டது, இந்த வருஷம் வேட்டை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கொம்பு வருஷாவருஷம் உதிரும், திரும்ப முளைக்கும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டவர், வாயைத் திறந்து கடைவாயைக் காட்டினார்.

“வுழுந்தது மொளைக்கும்னா, எனக்கு இந்தப் பல்லு இன்னாத்துக்கு மொளைக்கல?”

காகிதப் பொட்டலம்

மாசியில் மானுக்குப் புதுக் கொம்பு முளைத்து முற்றியது. அதை மரத்தில் உரசி உரசி மான் பட்டையை உரித்திருந்தது. புழுக்கை ஈரமாக இருந்தால் மான் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தேன். தோணிக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“எங்க வூட்டு ஆட்டுக்கும் இதான் வருது. காலேஜுல சேக்கலாமாம்மா?”

கடற்காற்று

சித்திரையில் பதுங்க இடம் பார்த்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குமேல் காற்று கடலிலிருந்து அடிக்கும். அதனால் மானுக்கு மேற்கே, புதர் மறைவில் உட்காருங்கள், இல்லாவிட்டால் உங்கள் வாசனை முன்னால் போய்ச் சொல்லிவிடும் என்றேன். ஞாயிறு பூசை முடித்து, தலையில் வாசனைப் பொமேடோடு வந்த சித்தப்பா, வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே போய் உட்கார்ந்தார். மான் மூக்கைத் தூக்கியது. அடுத்த கணம் வால் மட்டும் தெரிந்தது. ஆறு மாதம் நடந்தது ஒரு டப்பா பொமேடில் போயிற்று. கேட்டதற்கு வந்த விளக்கம் இது.

“காத்து வராத எடத்துல குந்திகினு மான் அடிக்க நான் இன்னா ஜெயில் கைதியா?”

பங்கு

மறு ஞாயிறு பொமேடு இல்லாமல், நான் காட்டிய இடத்திலேயே உட்கார்ந்தார். மான் விழுந்தது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: தலை அம்பு விட்டவருக்கு; முன்னந்தொடை தடம் பார்த்தவருக்கு. தொடையை வாங்க நான் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அது தங்கவேலு மாமாவுக்குப் போனது. அன்று அவர் செய்த வேலை, தண்ணீர்க் கூஜா தூக்கியது. கறிக்கு நான் ஏங்கவில்லை. அது யாருக்குப் போகிறதோ அவர்தான் தடம் பார்த்தவர் என்று எங்கள் கல்மண்டபம் வட்டாரம் முழுக்கப் பேசும். பேசியது. என் பங்கு எங்கே என்று கேட்டேன். சித்தப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வூட்டுப் பொண்ணுக்கு இன்னாத்துக்குத் தனிப் பங்கு? நான் வாங்கினா நீ வாங்கின மாரிதான்.”

அடுத்த வருஷம்

இந்தப் பங்குனியில் சித்தப்பாவும் மாமாவும் தாங்களே தடம் பார்க்க ஆளுக்கொரு தடவை அக்கரைக்குப் போய், முள் குத்தி, ஆட்டுத் தடத்தைத் தொடர்ந்து ஆட்டுக்காரரிடம் திட்டு வாங்கித் திரும்பினார்கள். பிறகு சித்தப்பா என் மேஜையருகே வந்து, பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று முதல்முறையாக விசாரித்தார். பின்னால் தங்கவேலு மாமா, கையில் பக்கோடாப் பொட்டலம். பெரிய கொம்பன் ஒன்று வந்திருக்கிறதாமே, நீ பார்த்தாயா, எங்கே என்று கேட்டார் சித்தப்பா. பக்கோடாவை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன்.

“பார்த்துட்டேன் சித்தப்பா. ஒரே வூட்டு ஆளுங்க, நான் பார்த்தா நீங்க பார்த்த மாரிதான். தனியா வேற எதுக்குக் காட்டணும்?”