முடியாத தூபியில் முளைத்த அரசு

அரசங்கன்றை வேரோடு பிடுங்கினால் கையில் வெள்ளைப் பால் ஒட்டும். காய்ந்ததும் அது கறுத்துவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாமல், செங்கல் தூளோடு சேர்ந்து நகக்கண்ணில் கிடக்கும். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலம் முழுக்க அப்பாவின் கைகள் அப்படித்தான் இருந்தன. அந்தக் கையால் அவர் சோறு குழைத்துத் தரும்போது லேசாகக் கசப்பு வாசம் அடிக்கும், ஆனாலும் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

பொலன்னறுவையில், பழைய நகரத்துக்கு வடக்கே, ஒரு 'மலை' இருக்கிறது. மலை என்று நாங்கள்தான் சொன்னோம். உண்மையில் அது உலகத்திலேயே பெரிதாகக் கட்டவேண்டும் என்று ஓர் அரசன் தொடங்கி, பாதியில் நின்றுபோன பௌத்தத் தூபி. பாண்டிநாட்டுப் போரில் பிடிபட்டு வந்த தமிழரைக் கொண்டு கட்டுவித்தானாம், அதனால் சிங்களத்தில் அதற்கு 'தெமள மகா சேய', தமிழரின் பெருந்தூபி என்றே பெயர். நின்றுபோன செங்கல் மேட்டில் நூற்றாண்டுக் கணக்காக மண் படிந்து, காடு எழும்பி, குரங்குகள் குடியேறி, தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அதில் மனிதக் கை பட்டதென்றே தெரியாமல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சிங்களப் பிள்ளைகள், உங்கள் ஆட்கள் ஒரு வேலையையும் முடிக்கமாட்டார்கள் என்று என்னைச் சீண்டுவார்கள். அழுதுகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர் சிரிப்பார். "புடிச்சுக் கொண்டு வந்த ஆக்கள், விட்டா வீட்டுக்குத்தானே போவாங்க. நிண்டு முடிச்சுக் குடுக்கோணுமோ?"

அப்பாவுக்கு அந்த மலையில்தான் கூலி வேலை. பற்றைக்காடு வெட்டுவது, புதையல் தோண்ட வருகிறவர்களை விரட்டுவது என்று சொல்லித் தொல்பொருள் இலாகாக்காரர் சேர்த்தார்கள், ஆனால் அவரை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் வேறு. பறவைகளின் எச்சத்தில் விழுகிற அரசம்விதை, மண் சரிந்து வெளியே தெரிகிற செங்கல் இடுக்கில் முளைத்துவிடும். கவனிக்காமல் விட்டால் வேர் பருத்துச் சுவரையே பிளந்துவிடும். புத்தர் ஞானம் பெற்ற மரமல்லவா, கூட வேலை செய்த சிங்களவர் யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். கன்றைக் கண்ட இடத்தில் அடையாளத்துக்கு ஒரு தடியை ஊன்றிவிட்டு, "மாமே" என்று அப்பாவைக் கூப்பிடுவார்கள். தமிழனுக்கு அது வெறும் மரம்தானே என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் குளக்கட்டில் இருந்த பிள்ளையாரும் அரசமரத்தின் கீழேதான் இருந்தார் என்பதை அப்பா அவர்களிடம் மூச்சுவிடவில்லை. விட்டால் வேலை போய்விடும்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. எங்கள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் போதும், தொடங்கிவிடுவார். "பாவத்தத் தாங்கள் சுமக்க ஏலாதெண்டு உங்கட தலையில வைக்கிறாங்க, நீங்களும் குனிஞ்சு குடுக்கிறீங்க." அப்பா சண்டை பிடிக்கமாட்டார். "நான் புடுங்காட்டி ஆரு புடுங்குவா? மலை வெடிச்சுப் போகும்" என்பதோடு சரி. ஆனால் ஒரு கன்றையும் அவர் எறிந்ததில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றி, "கோவிச்சிராத பிள்ளையாரப்பா, இடம் மாத்துறன்" என்று சொல்லித்தான் பிடுங்குவார். பிறகு ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து குளக்கட்டில் நட்டுவிடுவார். தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

பிறகு நாடு கெட்டுப் போனது. அப்பாவோடு வேலை செய்த சிங்களவர் ஒருவர் ஒருநாள் பின்னேரம் சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடியே, ஒரு கிழமைக்கு எங்காவது போய் இருங்கள், நிலைமை சரியில்லை என்றார். அம்மா சாமான் கட்டத் தொடங்க, அப்பா அவரிடம் மலையில் முளைக்கிற கன்றுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்த மனிதர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அத நீங்க வந்து புடுங்குங்க மாமே" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் மட்டக்களப்புக்குப் போனோம், அங்கிருந்து வேறெங்கோ, கடைசியில் கனடாவில் ரொறன்ரோ.

இங்கே அப்பா ரெக்ஸ்டேலில் ஒரு ஃபாக்டரியில் பெட்டி அடுக்கினார். முதுகு விட்டுப்போன பிறகு வெக்ஸ்போர்ட்டில் என் அபார்ட்மெண்டுக்கு வந்துவிட்டார். அம்மா காலமாகிவிட்டார். ஒவ்வொரு தை மாதமும், வெளியில் ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்கும்போது, அப்பா ஜன்னலடியில் இருந்து தொடங்குவார். "அங்க இப்ப மழை விட்டிருக்கும் புள்ள. அரசங்கண்டு முளைச்சிருக்கும். ஒருக்காப் போயிட்டு வரவேணும்." முதலில் குடியுரிமைப் பேப்பர் இல்லை, பிறகு அங்கே யுத்தம், யுத்தம் முடிந்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டது. ஒவ்வொன்றாக நான்தான் சொல்லிச் சமாளிக்கவேண்டும். இரண்டு வேலை முடித்து, பஸ்ஸில் நின்றே வந்து, சப்பாத்துக் கழற்றமுதலே அந்தப் பேச்சு காதில் விழும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எங்காவது ஓடிப்போகலாம் போல இருக்கும்.

போன கோடையில் என் மகள் சிநேகிதிகளோடு இலங்கை சுற்றிப் பார்க்கப் போனாள். திரும்பி வந்ததும் நேரே அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து ஃபோனைக் காட்டினாள். "தாத்தா, உங்கட மலை! இப்ப பெரிய ஹெரிட்டேஜ் சைட். சூப்பர் க்ளீன்."

அதில் காடு இல்லை, குரங்கும் இல்லை. மண்ணை வழித்தெடுத்து, வட்டமாகச் செங்கல் தெரிய வைத்து, புல்லை ஒட்ட வெட்டி, மூன்று மொழியில் பலகை நட்டிருந்தார்கள். குளக்கட்டில் அரசமரங்கள் நிற்கின்றனவா என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் போகவில்லை என்றாள்.

அப்பா படத்தை எப்படிப் பெரிதாக்குவதென்று அவளிடம் கேட்டு, விரலால் இழுத்து இழுத்து, செங்கல் இடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது.

"ஆரு புடுங்கிறது?" என்று கேட்டார்.

"வேர்க்கர்ஸ் இருக்கினம் தாத்தா. தே டேக் கேர் ஒஃப் இட்."

இன்னுமொரு தடவை பார்த்தார். பிறகு ஃபோனை அவளிடம் நீட்டி, "அப்ப நான் போகத் தேவையில்ல" என்றார்.

இந்தத் தையிலும் ஸ்னோ கொட்டியது. வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அவருடைய பேச்சுக்காகக் காத்திருந்தேன். அவர் ஜன்னலடியில்தான் இருந்தார், வாயைத் திறக்கவில்லை. எத்தனை வருடம் அலுத்துக்கொண்டேன், அந்தப் பேச்சு நின்றதும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் நானே கேட்டேன்.

"அப்பா, அங்க இப்ப மழை விட்டிருக்கும், என்ன?"

"ஓம்" என்றார். "விட்டிருக்கும்."

மறுநாளும் கேட்டுப் பார்த்தேன்.