ஸ்டூல் உடையாத நாள்

அட்டைப்பெட்டி செய்யும் அந்தப் பட்டறையில் வெட்டு இயந்திரத்தை ஓட்டுபவனுக்கு டமார் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரல்ல. அவனுக்குக் கோபம் வந்தால் கேட்கும் சத்தத்தை வைத்துக் கூட வேலை செய்பவர்கள் சூட்டியது. எதிரே நின்று அட்டையை உள்ளே தள்ளுபவள் அவன் மனைவி.

டமாரின் கோபத்தைப் போல முதலாளிக்கு லாபமான சரக்கு வேறில்லை. புழுக்கம் தாங்காமல் மின்விசிறி கேட்கப் போவான். வாய் திறப்பதற்குள் தலைக்கேறிவிடும். ஸ்டூலைத் தூக்கி அடிப்பான். முதலாளி பெருந்தன்மையாக டீ வரவழைப்பார். டமாரை வெட்கம் பிடுங்கித் தின்னும். போன காரியத்தை மறந்து, ஸ்டூலுக்குக் கால் பொருத்தி, கூலியில்லாமல் கூடுதல் வேலையும் பார்த்துவிட்டுப் போவான். மனுஷன் சிங்கம் என்று மற்றவர்கள் மெச்சுவார்கள். வேர்த்து வழிகிற சிங்கம்.

வேலை வேகமாக நடக்கட்டும் என்று, கத்தியை மறைக்கும் மூடியை முதலாளி கழற்றித் தம் அலமாரியில் வைத்தார். மறுநாளே மனைவியின் கையுறை நுனி அட்டையோடு வெட்டுப்பட்டு விழுந்தது. விரல் தப்பியது. டமார் இயந்திரத்தை நிறுத்தி ஸ்டூலைத் தூக்கினான். அனுபவசாலிகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். முதலாளி டீக்குச் சொல்லியனுப்பினார்.

நுனி போன கையுறையைக் கழற்றியபடி மனைவி கேட்டாள்: "ஸ்டூல் என்னங்க பண்ணுச்சு? மூடியைக் கழட்டுனது அவருதானே?"

கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் டமார் ஸ்டூலைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தான். ஸ்டூல் அதற்கும் பயன்படும் என்று அன்றுதான் தெரிந்தது.

"மூடியைப் போடுங்க முதலாளி. போட்டதும் ஓட்டுறேன்."

டீ வந்தது. நிதானமாகக் குடித்துவிட்டு அதையே மறுபடி சொன்னான். முதலாளி அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, உடம்புக்கு முடியலையா? எப்பவும்போல ஒரு சத்தம் போட்டுட்டு வேலையைப் பாரேன்."

"சத்தம் போட்டா மூடி வராது முதலாளி. விசிறியே வரலை."

முதலாளி வேறொருவனை ஓட்டச் சொன்னார். அவன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரக்கு ஏற்ற வந்த வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. கடைசியில் முதலாளிதான் வெடித்தார். நன்றி கெட்ட கூட்டம் என்று கத்தி, டீத் தம்ளரைச் சுவரில் அடித்தார்.

பிறகு, பட்டறை வழக்கப்படி, சத்தம் போட்டவருக்கு வெட்கம் வந்தது. அலமாரியைத் திறந்து மூடியைத் தாமே எடுத்துவந்தார். டமார் அதைத் திருகி முடுக்கினான். வெட்கம் ஆறுவதற்குள் மனைவி புதுக் கையுறையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.